கதைக்குள் இருப்பதை நூலகப் பட்டியலில் தேடுவது எப்படி? புனைவுக்கு லிங்க்டு டேட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவல்கள் எல்லாம் ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றனவே, என்ன குறை?

ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை எல்லாம் இருக்கும். கதை எங்கே நடக்கிறது, எந்தக் காலத்தில், யாரைப் பற்றி என்பது இருக்காது. வகுப்பு எண்ணும் கைகொடுக்காது. டூயி தசமப் பகுப்பில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113 என்று ஒரே எண். அதற்குள் சரித்திர நாவலும் துப்பறியும் கதையும் கலந்தே நிற்கும். நூலகவியலாளர் ரங்கநாதனின் கோலன் பகுப்பு 1933-இலேயே கூறு கூறாகப் பிரித்துப் பார்த்த முறைதான். ஆனால் அதுவும் இலக்கியத்துக்கு மொழி, வடிவம், ஆசிரியர் (பிறந்த ஆண்டைக் கொண்டு), படைப்பு என்ற வரிசையோடு நின்றுவிட்டது.

மண்புழு உரம் பற்றிய புத்தகத்துக்குப் பொருள் தலைப்பு கிடைக்கிறது. நெல் விவசாயக் குடும்பத்தைப் பற்றிய நாவலுக்குக் கிடைப்பதில்லை. “பண்ணையாட்கள் பற்றி, தஞ்சாவூர்ப் பக்கம் நடக்கிற கதை இருக்கா சார்?” என்று கேட்டு வருபவருக்குப் பதில் சொல்ல, நாவல்களைப் படித்த நூலகர் ஒருவர் மேசையில் இருந்தாக வேண்டும். அவர் மாறுதலாகிப் போனால் பதிலும் அவரோடு போய்விடும்.

லிங்க்டு டேட்டா என்றால் சுருக்கமாக என்ன?

ஒவ்வொரு பொருளுக்கும் (நாவல், ஆசிரியர், ஊர், காலம், கருப்பொருள்) இணையத்தில் மாறாத ஒரு முகவரி கொடுப்பது. அதை யூஆர்ஐ என்பார்கள். பிறகு இரண்டு முகவரிகளுக்கு நடுவே உள்ள உறவையும் பெயர் சொல்லி எழுதுவது: “இந்த நாவல் – கதை நடக்கும் இடம் – மயிலாடுதுறை”. இப்படி மூன்று துண்டாக எழுதும் முறைக்கு ஆர்டிஎஃப் என்று பெயர். இதற்கான அடிப்படை விதிகளை வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006-இல் எழுதினார். நான்கே விதிகள். அவற்றில் நூலகங்கள் வழக்கமாகத் தவறவிடுவது நான்காவது: உங்கள் தரவிலிருந்து பிறர் தரவுக்கு இணைப்புக் கொடுப்பது. அதைச் செய்யாவிட்டால் கிடைப்பது புது வடிவத்தில் பழைய பட்டியல்தான்.

“தஞ்சாவூர்”, “விவசாயம்” என்று குறிச்சொல் போட்டால் போதாதா?

கொஞ்ச நாளைக்குப் போதும். எங்கே உடைகிறது என்பதை ஊர்ப்பெயரை வைத்தே பார்க்கலாம்.

1985-இல் ஒரு நூலகர் மாயவரத்தில் நடக்கும் நாவலுக்குத் “தஞ்சை மாவட்டம்” என்று எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அது சரி. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது, 1997-இல் திருவாரூர், 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. இன்று ஒரு வாசகர் மயிலாடுதுறை மாவட்டக் கதைகளைக் கேட்டால் அந்த நாவல் வராது. இன்னொரு நூலகர் “மாயவரம்” என்றும் மூன்றாமவர் “மாயூரம்” என்றும் போட்டிருப்பார்கள். குறிச்சொல் வெறும் எழுத்துக்கோவை. மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ஊர் என்பது அதற்குத் தெரியாது.

அதே நாவலை ஊரின் முகவரியோடு இணைத்திருந்தால் பழைய பெயர்கள் எல்லாம் அந்த முகவரியின் மாற்றுப் பெயர்களாக உட்கார்ந்திருக்கும். ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை நாவலின் பதிவில் எழுதவே வேண்டாம். ஊரின் பதிவில் அது இருக்கிறது. மாவட்டம் பிரியும்போது வேறு யாரோ அங்கே திருத்துகிறார்கள், உங்கள் தேடல் தானாகவே சரியாகிவிடுகிறது. வினவலில் (தரவிடம் கேட்கும் கேள்வியில்) “கதை நடக்கும் இடத்தை எடு, அங்கிருந்து ‘எந்த நிர்வாகப் பகுதியில் உள்ளது’ என்ற உறவில் எத்தனை படி வேண்டுமானாலும் ஏறு, தமிழ்நாடு வருகிறதா பார்” என்று கேட்க முடியும். குறிச்சொல்லால் இந்த ஏற்றம் முடியாது.

நடைமுறை விதி ஒன்று இதிலிருந்து வருகிறது. இடத்தை எப்போதும் ஆகச் சிறிய அலகில் குறியுங்கள். கிராமம் தெரிந்தால் கிராமம், தெரியாவிட்டால் ஊர். மாவட்டம் கடைசிப் புகலிடம்.

இதை உண்மையில் செய்து காட்டியவர்கள் யாராவது உண்டா?

ஃபின்லாந்து. அந்நாட்டுப் பொது நூலகங்களின் “கிர்யாசம்போ” சேவை 2011-இல் திறக்கப்பட்டது. துர்க்கு நகர நூலகம் அதைப் பராமரிக்கிறது. தொழில்நுட்ப அடித்தளம் ஆல்தோ பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழுவிடமிருந்து வந்தது. நாவல், ஆசிரியர், கருப்பொருள், இடம், காலம், பாத்திரம் எல்லாம் ஆர்டிஎஃப் வலைப்பின்னலாக இருக்கின்றன.

பலர் கவனிக்காமல் விடும் சங்கதி, அவர்கள் தொழில்நுட்பத்திலிருந்து தொடங்கவில்லை என்பது. 1990-களிலேயே புனைவுக்கென்று “கௌனோக்கி” என்ற சொற்களஞ்சியம் அங்கே உருவாகிவிட்டது. கதை வகை, நிகழ்வும் கருப்பொருளும், பாத்திரங்கள், இடம், காலம், பிற என்று கூறுகளாகப் பிரித்த பட்டியல் அது. நூலகர்கள் பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்திப் பழகிய பிறகே அதைப் பொது மெய்ப்பொருள் அமைப்போடு (கருத்துகளையும் அவற்றின் உறவுகளையும் வரையறுக்கும் அமைப்பு) இணைத்து இயந்திரம் படிக்கும் வடிவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்வீடிஷ் மொழியில் அதன் இணை “பெல்லா”. சொற்களஞ்சியம் இல்லாமல் மென்பொருளை மட்டும் நிறுவுகிறவர்களுக்குக் கிடைப்பது வெற்று அலமாரி.

அதற்கும் முன்னோடி டென்மார்க்கின் அன்னெலிசே மார்க் பெய்ட்டெர்சன். வாசகர்கள் நூலகரிடம் புனைவை எப்படிக் கேட்கிறார்கள் என்பதை ஆராய்ந்து நான்கு பரிமாணங்களாகப் பிரித்தார்: கதைப்பொருள், இடமும் காலமும் சேர்ந்த சட்டகம், ஆசிரியரின் நோக்கம், வாசிப்பு எளிமை. உங்கள் திட்டத்துக்கு ஒரு வாசிப்பு மட்டும் நேரம் உண்டென்றால் அவர் எழுதியதைப் படியுங்கள்.

படைப்பு, பதிப்பு, பிரதி – இந்தப் பிரிப்பு எதற்கு?

தமிழ் நூலகத்துக்கு இது மற்ற நூலகங்களைவிட அவசியம். காரணம், நாட்டுடைமை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் “பொன்னியின் செல்வன்” நாவலைப் பல பதிப்பகங்கள் பல வடிவில் வெளியிட்டன: ஐந்து பாகம் ஐந்து புத்தகம், எல்லாம் ஒரே தொகுதி, சுருக்கப் பதிப்பு, சிறுவர் பதிப்பு. ஒரு நடுத்தர நூலகத்தின் பட்டியலிலேயே இந்த ஒரு பெயருக்குப் பல பதிவுகள் இருக்கும். கதைக் குறிப்புகளை ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியாக எழுதினால், ஒன்றில் “சோழர் காலம்” இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

எனவே கதையைச் சேர்ந்தவை (இடம், காலம், பாத்திரம், கருப்பொருள், வகை, முதலில் வெளியான ஆண்டு) படைப்பின் பதிவில் ஒரே முறை. பதிப்பகம், ஐஎஸ்பிஎன், பக்கம், மொழிபெயர்ப்பாளர் ஆகியவை பதிப்பின் பதிவில். அலமாரி எண் பிரதியில்.

எஃப்ஆர்பிஆர் என்ற 1998-ஆம் ஆண்டு நூற்பட்டியல் மாதிரியில் நான்கு அடுக்குகள் உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பிப்ஃபிரேம் மூன்றாகக் குறைத்தது. கிர்யாசம்போ இரண்டோடு நிறுத்திக்கொண்டது. சிறிய குழுவுக்கு, பிரதியைச் சேர்க்காமல், படைப்பு, பதிப்பு என்ற இரண்டு அடுக்கே சரி என்பது எங்கள் கருத்து. நான்கு அடுக்கில் தொடங்கிய குழுக்கள் எது எந்த அடுக்கு என்ற வாதத்திலேயே சோர்ந்துவிடும்.

பாகங்கள்? ஐந்து பாகமும் ஐந்து படைப்புகள் அல்ல, ஒரே படைப்பின் பகுதிகள். கருப்பொருளை முழுப் படைப்புக்கு மட்டும் கொடுங்கள். சுருக்கப் பதிப்பும் சிறுவர் பதிப்பும் வேறு ஒருவர் கைபட்டு எழுதியவை என்றால் அவை தனிப் படைப்புகள். “இதை அடிப்படையாகக் கொண்டது” என்று மூலத்தோடு இணைத்துவிடுங்கள்.

தொடர்கதையாக வந்ததை எப்படிக் காட்டுவது?

தமிழ் நாவல்களில் பெரும்பகுதி வாரப் பத்திரிகையில் பிறந்தது. நூல் வெளிவந்த ஆண்டை முதல் வெளியீடாகப் போடுவது பரவலான தவறு. மேற்சொன்ன “பொன்னியின் செல்வன்” கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்தது. அதற்கு “வெளியான இதழ்” என்ற கூற்றும் தொடக்க, முடிவு ஆண்டுகளும் தேவை. விக்கித்தரவில் (விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளம்; அங்கே பண்புகளுக்குப் பி எண், உருப்படிகளுக்குக் க்யூ எண்) இது பி1433 என்ற பண்பு. கூடவே பி580 (தொடக்கம்), பி582 (முடிவு) இரண்டையும் தகுதிக் குறிப்புகளாகச் சேர்க்க வேண்டும்.

ஒரு நாவலுக்கு எத்தனை குறிப்புகள் போடலாம்?

மொத்தம் 6 முதல் 12. இடம் 1–3, காலம் 1 அல்லது 2, கருப்பொருள் 2–4, பாத்திர வகை 1–2 (மாமியார், தபால்காரர், நாதஸ்வர வித்வான் என்பது போல), கதை வகை 1. ஒரு நாவலுக்குக் கால் மணி நேரம் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். பின்னட்டை, முன்னுரை, முதல் அத்தியாயம், நடுவில் ஒன்று, ஏதாவது விமர்சனம் – இவ்வளவு பார்த்தால் பெரும்பாலும் போதும்.

அதிகம் போட்டால் என்ன கெடும் என்று கேட்பார்கள். காதல், குடும்பம், மரணம் ஆகிய மூன்றும் எல்லா நாவலிலும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் அந்தச் சொல்லில் தேடுவதும் தேடாமலிருப்பதும் ஒன்று. எனவே “இதை எடுத்துவிட்டால் கதை நிற்காது” என்றால் மட்டும் போடுவது என்று விதி வைத்துக்கொள்ளலாம்.

இருவர் ஒரே நாவலுக்கு ஒரே குறிப்புகளைப் போடுவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஃபின்லாந்தின் யர்மோ சார்ட்டி பொது நூலக ஊழியர்களையும் வாசகர்களையும் ஒரே நாவல்களுக்குக் குறிப்பு எழுதவைத்துப் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஒற்றுமை குறைவாகவே இருந்தது. இடம், காலம், பாத்திரம் ஆகியவற்றில் உடன்பாடு எளிது. கருப்பொருளில் கடினம். ஆகவே முதல் கட்டத்தில் இடத்தையும் காலத்தையும் எல்லா நாவலுக்கும் நிரப்புங்கள். பாதி நாவலுக்குப் பத்துக் கூறுகள் இருப்பதைவிட எல்லா நாவலுக்கும் இரண்டு கூறுகள் இருப்பது தேடலுக்குப் பயன்படும்.

விக்கித்தரவில் எந்தப் பண்புகளைப் பயன்படுத்த வேண்டும்?

கைக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆசிரியர் பி50, மொழி பி407, வகை பி136, கதை நடக்கும் இடம் பி840, கதை நடக்கும் காலம் பி2408, பாத்திரங்கள் பி674, முதன்மைக் கருப்பொருள் பி921, எதை அடிப்படையாகக் கொண்டது பி144. பதிப்புக்கு: எதன் பதிப்பு பி629, மொழிபெயர்ப்பாளர் பி655, பதிப்பகம் பி123, 13 இலக்க ஐஎஸ்பிஎன் பி212.

சிக்கல் வரும் இடம் “இது என்ன வகைப் பொருள்” என்ற பி31. இப்போதைய வழக்கம், படைப்புக்குப் பி31-இல் இலக்கியப் படைப்பு (க்யூ7725634) என்றும், வடிவத்தைத் தனியாகப் பி7937-இல் நாவல் (க்யூ8261) என்றும் எழுதுவது. பழைய பதிவுகளில் பி31-லேயே நாவல் என்று இருக்கும். வினவல் எழுதும்போது இரண்டையும் கேட்காவிட்டால் ஒரு பங்கு நாவல்கள் சத்தமில்லாமல் விடுபடும்.

பதிப்பின் பதிவில் பி31-க்குப் “பதிப்பு அல்லது மொழிபெயர்ப்பு” (க்யூ3331189) என்று இருக்க வேண்டும். ஐஎஸ்பிஎன்-ஐப் படைப்பின் பதிவில் போட்டால் பிழை எச்சரிக்கை வரும். அது நியாயமான எச்சரிக்கை, தாண்டிப் போகாதீர்கள்.

“கல்கி” என்று போட்டால் பத்திரிகையும் வருகிறது. “சுஜாதா” என்றால் யார் யாரோ வருகிறார்கள்.

ஆசிரியரின் முகவரி கண்டுபிடிக்கும் வரை பெயரை இணைக்காதீர்கள். ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954), அவர் நடத்திய இதழ், பத்தாவது அவதாரம் மூன்றும் “கல்கி”தான். சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜனோடு அதே பெயருள்ள நடிகைகளும் பாடகிகளும் போட்டிக்கு வருவார்கள். பிறந்த ஆண்டையும் தொழிலையும் கூடுதல் அடையாளமாகக் கொடுத்துத்தான் பொருத்த வேண்டும். புனைபெயரைப் பி742-இல் எழுதுங்கள். ஒரே ஆள் இரண்டு புனைபெயரில் எழுதியிருந்தாலும் ஆளுக்கு முகவரி ஒன்றே. அட்டையில் எந்தப் பெயர் இருந்தது என்பதைப் பதிப்பின் பதிவில் ஆசிரியர் கூற்றுக்குக் கீழே “அச்சிட்ட பெயர்” என்று குறிக்கலாம்.

மால்குடி மாதிரிக் கற்பனை ஊருக்கு என்ன செய்வது? சரித்திர நாவலில் வரும் உண்மை மனிதர்களுக்கு?

கற்பனை ஊருக்குத் தனி முகவரி கொடுங்கள், வகை “கற்பனை இடம்”. வரைபடப் புள்ளி கொடுக்காதீர்கள். ஆர். கே. நாராயணின் ஊருக்கு மைசூரின் புள்ளியைக் கொடுத்துவிட்டால், வரைபடத் தேடலில் மைசூர் நாவல்களோடு அவையும் கலந்து, வாசகர் அதை நிஜ ஊர் என்றே எண்ணிக்கொள்வார். ஆனால் நாடோ பெரும்பகுதியோ கதையிலிருந்தே தெளிவாகத் தெரிந்தால் அதைப் பி840-இல் இரண்டாவது மதிப்பாகச் சேர்க்கலாம்.

கரிசல், கொங்கு, நாஞ்சில் இன்னொரு வகை. நிஜமான நிலப்பகுதிகள், ஆனால் நிர்வாக எல்லை கிடையாது. மாவட்ட ஏணியில் ஏறிப் போனால் இவை சிக்கமாட்டா. கி. ராஜநாராயணன் கதைகளைத் தேடுபவர் “தூத்துக்குடி மாவட்டம்” என்று கேட்கப்போவதில்லை, “கரிசல்” என்றுதான் கேட்பார். எனவே வட்டாரத்துக்குத் தனி உருப்படி வைத்து, அதில் அடங்கும் வட்டங்களைப் பகுதிகளாக எழுதுங்கள். நாவலுக்கு ஊர், வட்டாரம் இரண்டையும் கொடுங்கள்.

சரித்திர நாவலில் வரும் முதலாம் மகேந்திரவர்மன் உண்மை அரசன். அவன் பதிவில் நாவலில் நடந்ததை எழுதக் கூடாது. நாவலின் பி674-இல் அரசனின் உருப்படியை நேரடியாகச் சுட்டலாம். நாவலாசிரியர் நிறையப் புனைந்திருந்தால் பாத்திரத்துக்குத் தனி உருப்படி திறந்து “இவரை ஒத்த கற்பனைப் பாத்திரம்” என்ற பி1074 மூலம் அரசனோடு இணைப்பது மேல். இதைச் செய்யாமல் விட்ட தரவில் கற்பனைக் காதலி ஒருத்தி அரசனின் மனைவியாகவே பதிவாகிவிட வாய்ப்பு உண்டு.

கருப்பொருளுக்கான சொற்களைத் தமிழில் எங்கே எடுப்பது?

நீங்களே ஒரு சிறு பட்டியல் செய்ய வேண்டியிருக்கும். ஆங்கிலச் சொற்களஞ்சியத்தை அப்படியே மொழிபெயர்த்தால் நமக்கு வேண்டிய சொற்கள் இல்லாமல் போகும்: கங்காணி, குத்தகை, பட்டணம் போதல், குலதெய்வம், தோட்டக்காடு. வேண்டாத சொற்கள் நிறைய வரும்.

வழி இது. மேசையில் வாசகர்கள் கேட்கும் கேள்விகளை இரண்டு மாதம் அப்படியே எழுதி வாருங்கள். அவற்றிலிருந்து 150 சொல் எடுங்கள், 300-க்கு மேல் போகாதீர்கள். விரிதாளில் நான்கு நெடுவரிசை: தேர்ந்த சொல், மாற்றுச் சொற்கள், மேல்நிலைச் சொல், எப்போது பயன்படுத்துவது என்ற ஒரு வரி விளக்கம். நான்காவது நெடுவரிசையைச் சோம்பலில் விடுவார்கள். ஆறு மாதம் கழித்து “இடப்பெயர்வு”, “புலம்பெயர்வு” இரண்டையும் ஆளுக்கொரு பொருளில் போட்டிருப்பதைக் காணும்போதுதான் அதன் அருமை தெரியும். ஈழத்தமிழர் கதைகளுக்கு இந்த இரண்டு சொல்லும் வெவ்வேறு, ஒன்றாக்கிவிடக் கூடாது.

அந்த விரிதாளை ஸ்காஸ் வடிவுக்கு மாற்றுங்கள். 2009 முதல் அது சொற்களஞ்சியங்களுக்கான தரநிலை. வெளியிடுவதற்கு ஸ்காஸ்மாஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபின்லாந்து தேசிய நூலகம் செய்தது, அவர்களுடைய ஃபின்டோ சொற்களஞ்சியத் தளம் ஓடுவதும் அதில்தான்.

வெளிச் சொற்களோடு இணைக்கும்போது “சரியொப்பு”, “நெருங்கியொப்பு” என்று இரண்டு உறவுகள் உண்டு. சரியொப்பு சங்கிலியாகத் தொடரும்: அ=ஆ, ஆ=இ என்றால் அ=இ. நடுவில் ஒரு இணைப்புச் சற்றே பிசகினாலும் கடைசியில் சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடும். சந்தேகம் இருந்தால் நெருங்கியொப்பு போடுங்கள்.

எங்கள் பட்டியலை எடுத்துப் பொருத்துவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் எழுத்துகளைச் சுத்தம் செய்ய வேண்டும், இதைத் தாண்டி ஓடுபவர்கள் திரும்பி வருவார்கள். பழைய பட்டியல் டிஸ்கி, டேப் போன்ற எழுத்துருக் குறிமுறையில் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் மூன்று பிழைகளைத் தேடுங்கள். ஒன்று, “கொ” போன்ற எழுத்தில் ஒற்றைக் குறியாக வர வேண்டிய கொம்பும் காலும் இரண்டு குறிகளாக வந்திருப்பது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், கணினிக்கு வேறு. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை ஓடவிட்டால் இது சரியாகும். இரண்டு, காலுக்குப் பதில் “ர” தட்டியிருப்பதும், “ஔ” ஒலிக்கு “ள” தட்டியிருப்பதும். இதை இயல்பாக்கம் சரிசெய்யாது, கையால்தான் திருத்த வேண்டும். மூன்று, வலையிலிருந்து ஒட்டிய சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அகலமில்லா இடைவெளிக் குறி. பிறகு முன்னெழுத்துகள்: “கி.ராஜநாராயணன்”, “கி. ராஜநாராயணன்”, “ராஜநாராயணன், கி.” மூன்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டு வாருங்கள்.

அடுத்து ஓப்பன்ரிஃபைன், அதாவது தரவைச் சுத்தம் செய்து பொருத்தும் இலவச மென்பொருள். 200 தலைப்போடு தொடங்குங்கள். ஆசிரியர் நெடுவரிசையை முதலில் பொருத்துங்கள், தலைப்பைப் பிறகு. வழக்கமாக விக்கித்தரவுப் பொருத்தல் சேவை ஆங்கிலத்துக்கு அமைந்திருக்கும். அதன் முகவரியில் மொழிக்குறியைத் தமிழுக்கு மாற்றிப் புதுச் சேவையாகச் சேர்த்தால் தமிழ்ப் பெயர்களோடு ஒப்பிடும். வகையை “மனிதர்” என்று கட்டாயமாக்குங்கள். தலைப்பைப் பொருத்தும்போது வகை இலக்கியப் படைப்பு, துணைப் பண்பாக ஏற்கெனவே பொருத்திய ஆசிரியர். இதைச் செய்யாமல் “தில்லானா மோகனாம்பாள்” என்று கொடுத்தால் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதைக்குப் பதில் 1968-ஆம் ஆண்டுத் திரைப்படத்தோடு ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

அதிக மதிப்பெண் பெற்றதைத் தானாக ஏற்கும் வசதியை அணைத்துவிடுங்கள். 200 வரியைக் கண்ணால் பார்ப்பது அரை நாள் வேலை. தவறாக இணைந்ததைப் பிறகு பிரிப்பது அதைவிடப் பெரிய வேலை.

விக்கித்தரவில் இல்லாத நாவல்களைப் புதிதாகச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். அடையாளம் காணக்கூடிய பொருளாக, பொதுவெளியில் நம்பத்தக்க சான்று உள்ளதாக இருக்க வேண்டும். தேசிய நூற்பட்டியலோ பெரிய நூலகத்தின் பட்டியலோ சான்றாக நிற்கும். சொந்தமாக அச்சிட்டு யாரும் எங்கும் குறிப்பிடாத நூலை உங்கள் சொந்த முகவரித் தொகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். விக்கித்தரவில் சேர்ப்பவை எல்லாம் சிசி0 உரிமத்தில் போகும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பின்னட்டை வாசகத்தை ஒட்டக் கூடாது, அதன் பதிப்புரிமை வேறொருவருடையது. “இடம் மதுரை, காலம் 1940-கள்” என்ற தகவலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எங்களிடம் கோஹா நூலக மென்பொருள்தான் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். மார்க் 21 என்ற பட்டியல் பதிவு வடிவத்திலேயே இணைப்புக்கு இடம் இருக்கிறது. கதைவகை 655, கருப்பொருள் 650, இடம் 651, காலம் 648. ஒவ்வொரு புலத்திலும் சொல்லோடு கூட $0 துணைப்புலத்தில் சொற்களஞ்சியத்து முகவரியும், $1-இல் நிஜப் பொருளின் முகவரியும் எழுதலாம். விக்கித்தரவு முகவரி $1-க்கு உரியது. உலாவியின் மேல்பட்டையில் தெரியும் பக்க முகவரியை ஒட்டாதீர்கள். கருவிகள் பட்டியலில் “கான்செப்ட் யூஆர்ஐ” என்று இருக்கும், நடுவில் “என்டிட்டி” என்ற சொல் வரும், அதுதான் வேண்டும்.

எச்சரிக்கை: கோஹாவில் நீங்கள் பயன்படுத்தும் பதிவுச் சட்டகத்தில் $1 திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சட்டகத்தில் இல்லாத துணைப்புலங்கள் இறக்குமதியில் வந்து சேரும், பிறகு யாராவது அந்தப் பதிவைத் திறந்து விலையை மட்டும் திருத்திச் சேமித்தால் காணாமல் போய்விடும். ஒரு பதிவில் சோதித்துவிட்டு மொத்தமாக ஏற்றுங்கள்.

அமைப்பையே மாற்றிய நாடும் உண்டு. ஸ்வீடனின் தேசிய நூலகம் தன் லிப்ரிஸ் பட்டியலை 2018-இல் லிங்க்டு டேட்டா அமைப்புக்கு மாற்றியது. அதற்குத் தேசிய அளவில் ஆளும் பணமும் வேண்டும்.

சிறுகதைத் தொகுப்புகள்?

தமிழில் இது பெரிய வேலை, தள்ளிப்போடவும் முடியாது. புதுமைப்பித்தன் கதை ஒன்று பத்துத் தொகுப்பில் இருக்கும், வாசகர் கேட்பது கதையின் பெயரை. ஒவ்வொரு கதையும் ஒரு படைப்பு. தொகுப்பு அவற்றை உள்ளடக்கியது. எல்லாத் தொகுப்பையும் ஒரேயடியாகப் பிரிக்க முயலாதீர்கள். பாடத்திட்டத்தில் உள்ளவை, அடிக்கடி இரவல் போகும் ஆசிரியர்கள் என்று தொடங்குங்கள். மற்றவற்றுக்கு மார்க் பதிவின் 505 புலத்தில் உள்ளடக்கத்தைத் தட்டி வைத்தாலே சொல் தேடலுக்குக் கிடைக்கும். இணைப்பு பிறகு வரட்டும்.

வினவல் எழுதினேன், பாதி நாவல்தான் வருகிறது. ஏன்?

பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. பி840 இருக்கும் நாவல்களை மட்டும் கேட்டு, இல்லாதவற்றைக் கழித்துவிட்டீர்கள். கட்டாயமில்லாத கூறுகளை ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் “விருப்பத்தேர்வு” என்று அடையாளமிட வேண்டும். அல்லது, மேலே சொன்ன பி31, பி7937 குழப்பம். அல்லது, காலத்தை எண்ணாகக் கேட்டீர்கள், தரவிலோ “சோழர் காலம்” என்ற உருப்படி இருக்கிறது. காலகட்டத்தின் தொடக்க, முடிவு ஆண்டுகள் அந்த உருப்படியில் உண்டா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஆண்டு வரம்பில் தேட வழியில்லை.

தலைப்புக்குப் பதில் க்யூ எண்ணாக வந்தால் அந்த உருப்படிக்குத் தமிழ்ப் பெயர் எழுதப்படவில்லை என்று பொருள். மொழி வரிசையில் தமிழ், பிறகு ஆங்கிலம் என்று கொடுத்துச் சமாளிக்கலாம், ஆனால் தமிழ்ப் பெயரைச் சேர்த்துவிடுவதே மருந்து. ஒரு நிமிட வேலை. பொது வினவல் சேவை 60 விநாடியில் துண்டித்துவிடும். முதலில் தமிழ் என்ற மொழிக் கூற்றால் (க்யூ5885) வடிகட்டிவிட்டு இட ஏணியில் ஏறுங்கள்.

கதையின் முடிவு வெளிப்பட்டுவிடாதா?

துப்பறியும் நாவலுக்கு “அண்ணன் தம்பி கொலை” என்று கருப்பொருள் போட்டால் வெளிப்படத்தான் செய்யும். தேடலுக்குப் பயன்படும் குறிப்பும் திரையில் காட்டும் குறிப்பும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்த வகைக் கூற்றுகளுக்கு “காட்டாதே” என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தேடினால் சிக்கும், நூலின் பக்கத்தில் தெரியாது.

செயற்கை நுண்ணறிவிடம் விட்டுவிட்டால்?

பின்னட்டை வாசகத்தைக் கொடுத்தால் பரிந்துரைப் பட்டியல் தரும், பரிசீலிக்க உதவும். நேராகப் பதிவேற்றக் கூடாது. பின்னட்டை விற்பனைக்காக எழுதியது. அதில் “உலுக்கியெடுக்கும் காதல் காவியம்” என்றிருந்தால் நிலத்தகராறு பற்றிய நாவலுக்கும் காதல் என்றே வரும். அதிகம் அறியப்படாத தமிழ் நாவலுக்கு இல்லாத பாத்திரத்தையும் சேர்த்துத் தரும். யார் ஒப்புதல் கொடுத்தார், எதைப் பார்த்துக் கொடுத்தார் என்ற இரண்டையும் ஒவ்வொரு கூற்றோடும் எழுதி வையுங்கள்.

செய்து முடித்தபின் பராமரிப்பு என்ன?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் $1 முகவரிகளை எல்லாம் ஓடவிட்டுப் பாருங்கள். விக்கித்தரவில் இரண்டு உருப்படிகளை ஒன்றாக்கியிருந்தால் பழையது புதியதற்கு வழிமாற்றும், அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். நீக்கப்பட்டிருந்தால் ஏன் என்று பார்த்து, உங்கள் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். சொந்த முகவரிகளில் மென்பொருளின் பெயரோ வழங்கியின் பெயரோ நூலகரின் பெயரோ வரக் கூடாது, எண் மட்டும் போதும். கைவிட்ட எண்ணை இன்னொரு நாவலுக்குத் திரும்பக் கொடுக்கவும் கூடாது, யாரோ எங்கோ அதை இணைத்திருப்பார்கள்.